வெள்ளையடித்த சுரங்கம்

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. டோரீன் இக்னேசியஸ் பொகவந்தலாவையில் காலைப் பூசை முடிந்து, கிறிஸ்மஸ் கேக்குக்குப் பேரீச்சம்பழம் பொறுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், நாலு மைல் தள்ளி ஒரு மலையின் வயிற்றுக்குள் பதினான்கு ஆண்கள் அவருடைய சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவருடைய சுவர் என்றால் வீட்டுச் சுவரல்ல, சுரங்கச் சுவர். அதைப் படித்துச் சொல்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம். நியமனக் கடிதத்தில் 'புவிச்சரிதவியலாளர்' என்று இருக்கிறது. அவ்வளவு நீளமான சொல் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் நுழையாது என்பதால் தோட்டத்தில் அவர் 'கல்லு மிஸ்'.

வயது முப்பத்தொன்று. டன்வெல் தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கு லயத்தில் பிறந்தவர். அப்பா இக்னேசியஸ் தோட்டத்தில் மருந்தடிக்கிறவராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது லயத்துக்குப் பின்னால் உருளைக்கிழங்கு போடுகிறார். மகள் பேராதனையில் படித்து, நாலு வருடம் வேறு மாவட்டங்களில் கல்லுடைத்துத் திரிந்துவிட்டு, கடைசியில் பிறந்த மலைக்கு அடியிலேயே வேலைக்கு வந்து சேர்ந்தார். "இவ்வளவு படிச்சும் இதே மலைதானா?" என்று கேட்ட கொழுந்துக்காரப் பெண்களிடம் அவர் சொன்ன பதிலைத் தோட்டம் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது: "நீங்க மலைக்கு மேல போறீங்க. நான் உள்ள போறேன். அவ்வளவுதானே வித்தியாசம்?"

சுரங்கம் பெரிதொன்றுமில்லை. தேயிலைச் சரிவின் பக்கவாட்டில், ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரத்தில், மலைக்குள் நேராகப் போகும் ஒரு பாதை. வாசலில் காற்றழுத்த இயந்திரத்துக்கு ஒரு தகரக் கொட்டகை. தேயிலைத் தொழிற்சாலையைக் காக்கும் ரோதமுனிக்கு அங்கேயும் ஒரு கல் நட்டிருக்கிறார்கள், இயந்திரம் ஓடுகிற இடமெல்லாம் அவர் ஆட்சிதானே. பக்கத்துப் பலகையில் சுரங்கத் தொழிலாளரைக் காக்கும் புனித பார்பராவின் படம், அது டோரீன் மாட்டியது. ஊதுபத்தி மட்டும் பொது.

உள்ளே கருங்கல்லுக்கு நடுவில் முழங்கை அகலத்தில் ஒரு பட்டை ஓடுகிறது. கறுப்பு, நல்ல பாரம், காந்தம் ஒட்டும். உடைத்தால் பித்தளைப் பொடி தூவினதுபோல மின்னும். அந்த மினுக்கம்தான் செம்பு. ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் கொஞ்சம் வெள்ளியும், வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்கிற அளவுக்குத் தங்கமும் இருப்பதாகப் பதில் வரும். நூற்றிருபது மீற்றர் தூரம் அந்தப் பட்டை, தாயின் கையைப் பிடித்து வரும் பிள்ளை மாதிரி, சுரங்கத்தோடு கூடவே வந்தது. ஒக்டோபரில் ஒரு நாள் வெடி வைத்து, புகை அடங்கி, போய்ப் பார்த்தால் முகப்பில் சாம்பல் நிறக் களிமண். களிமண்ணுக்கு அப்பால் வெறும் கருங்கல். பட்டையைக் காணோம். இன்னும் இருபது மீற்றர் குடைந்து பார்த்தார்கள். கருங்கல், கருங்கல், மேலும் கருங்கல்.

"எங்கங்க மிஸ் போச்சு?" என்று கேட்டார் கந்தப்பன். அவர்தான் அந்தப் பதினான்கு பேருக்கும் தலைவர். முன்பு தேயிலை கவ்வாத்து வெட்டியவர், இன்றும் இடுப்பில் கவ்வாத்துக் கத்தி இல்லாமல் வேலைக்கு வரமாட்டார்.

சாப்பாட்டு நேரம். டோரீன் ஒரு றாத்தல் பாண் ரொட்டியை எடுத்து நெடுக்காகப் பிளந்து, நடுவில் ஜேம் பூசி மறுபடி ஒட்டினார். பிறகு அதைக் குறுக்கே வெட்டி, ஒரு பாதியை மட்டும் விரலால் பக்கவாட்டில் தள்ளினார்.

"இந்த ஜேம்தான் நம்ம பட்டை. எறும்பு ஒண்ணு ஜேமைத் தின்னுகிட்டே நேரா போகுது. வெட்டு வந்த இடத்துல என்ன நடக்கும்?"

"வெறும் பாண்ல முட்டும்" என்றார் கந்தப்பன்.

"அதேதான். எப்பவோ இந்த மலை இப்படி வெட்டுப்பட்டு நகர்ந்திருக்கு. ஜேம் எங்கயும் போகல. இடப்பக்கமோ வலப்பக்கமோ தள்ளி இருக்கு."

"எறும்பு எந்தப் பக்கம் திரும்பணும்னு பாண் சொல்லுமா?" இது சோலைமலை. முன்பு பள்ளத்தாக்கில் மாணிக்கக் குழிகளில் இறங்கியவர், வாய்த்துடுக்குக்குப் பேர்போனவர். "நாங்க மாணிக்கக் குழில பொம்பளய கிட்டயே விடமாட்டோம், தெரியுமாங்க? கல்லு வெக்கப்பட்டு ஓடிரும்."

"வெக்கப்படுற கல்லு நூத்தியிருபது மீற்றர் என்கூட எதுக்குண்ணே நடந்துச்சு?"

சிரிப்பு வெடித்தது. பாணை ஆளுக்கொரு துண்டாகத் தின்று தீர்த்தார்கள். ஆனால் அந்தப் பேச்சு சுரங்கத்தைவிட்டு வெளியே போய், லயத்துக்கு லயம் நடந்து, ஒரு வாரத்தில் அம்மாவின் காதுவழியாக டோரீனிடமே திரும்பி வந்தது. சிரிப்பு மட்டும் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது.

இதற்கிடையில் கொழும்பிலிருந்து கொம்பனி சொல்லி அனுப்பியது: இன்னும் ஒரேயொரு திருப்பம், முப்பது மீற்றர், அவ்வளவுதான். இடமா வலமா என்று நீங்களே சொல்லுங்கள். பட்டை கிடைத்தால் தொடரலாம். கிடைக்காவிட்டால் வாசலைக் கல் வைத்து அடைத்துவிடலாம். அடைத்தால் அந்தப் பதினான்கு பேரில் பாதிப் பேர் மறுபடியும் கொழும்புக் கடைகளுக்கு மூட்டை தூக்கப் போவார்கள். டோரீனுக்கு வேறு வேலை கிடைக்கும்தான். ஆனால் பொம்பளை நுழைந்ததால் கல் ஓடிப்போனது என்ற கதை இந்த மலையில் அவர் பேரில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும்.

அந்தக் களிமண் வெட்டில் வழுவழுப்பான கல் முகம் ஒன்று இருந்தது. இரண்டு பாறைகள் உரசிக்கொண்டு நகரும்போது விழும் கீறல்கள் அதில் தெளிவாக இருந்தன. டோரீன் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். மாட்டின் முதுகைத் தடவுவது போலத்தான்: மயிர் படிந்த பக்கம் வழுக்கும், எதிர்ப் பக்கம் முரடு தட்டும். கை சொன்னது, வலம். வெள்ளிக்கிழமை அப்படியே அறிக்கை எழுதி அனுப்பினார். திங்கட்கிழமை பத்து மணிக்குக் கொம்பனிப் பணிப்பாளர் பிரியந்தி நேரில் வந்து பார்த்து உத்தரவு கொடுப்பதாக ஏற்பாடு.

ஆனால் ஒரு சின்ன உறுத்தல். இடப்பக்கச் சுவரை அவர் வெடிப்புழுதிக்கு நடுவில் அவசரமாகத்தான் பார்த்திருந்தார். "ஞாயித்துக்கெழம சுவரை பைப் தண்ணி அடிச்சு நல்லா கழுவி வைங்கண்ணே. திங்கக்கெழம விடிய வந்து இன்னொருக்கா பாத்துர்றேன்" என்று கந்தப்பனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு டோர்ச்சை அடித்தபடி உள்ளே நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

இரண்டு பக்கமும் பால் வெள்ளை. அடியில் ஒரு முழ உயரத்துக்குக் காவி வரி, லயத்து அறைகளான காம்பராக்களுக்கு அடிப்பதுபோல. வெட்டைத் தாண்டி இடப்பக்கச் சுவரில் காவியாலேயே பெரிய எழுத்தில் 'நல்வரவு'. அதற்குக் கீழே, கொழும்பு ஆட்களுக்காக, சிங்கள வணக்கமான 'ஆயுபோவன்' தமிழெழுத்தில்.

"கந்தப்பண்ணே!"

கந்தப்பன் புதுச் சட்டையில் வந்து நின்றார். முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

"கழுவச் சொன்னேன். கழுவத்தானே சொன்னேன்!"

"கழுவினோம்ங்க மிஸ். சத்தியமா கழுவினோம். கழுவிட்டு அப்படியே விட்டா எப்படிங்க? பெரியவங்க வர்றாங்க. தொரை வந்தாலே வடிகாணுக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச ஆளுங்க நாங்க."

"எதால அடிச்சீங்க இவ்வளவு தூரம்?"

"மருந்து டாங்கிலதாங்க. ரெண்டு டாங்கியில சுண்ணாம்பைக் கரைச்சு ஊத்தி, முதுகுல மாட்டிகிட்டு அடிச்சுத் தள்ளிட்டோம். மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுருச்சு."

பின்னாலிருந்து சோலைமலை எட்டிப் பார்த்தார். "இப்ப கல்லுக்கு வெக்கமே இருக்காதுங்க. சட்ட போட்டாச்சு."

டோரீனுக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து சுரங்கப் பொறியியலாளர் செந்தூரன் உள்ளே வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பேச்சில் சிக்கனம், கோபத்திலும் சிக்கனம்.

"இதென்ன கோலம்? ஆர் இப்பிடிப் பூசச் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க சேர்" என்றார் கந்தப்பன் பெருமையாக. "நாங்களேதான்."

செந்தூரன் சுவரை ஒரு முறை, காவி வரியை ஒரு முறை, டோரீனை ஒரு முறை பார்த்தார். "கோயில் மாதிரித்தான் இருக்கு. மணியொண்டு மட்டும் கட்டேல்ல" என்றார். அதற்குமேல் அவராலும் முறைக்க முடியவில்லை.

சுரண்டி எடுக்கலாம் என்று பார்த்தால் நேரமில்லை. நேரமிருக்கிறதா என்று பார்க்கத் தொலைபேசியை எடுத்தால் பிரியந்தியின் செய்தி: இரவு மழையில் நோர்வூட்டுக்கு இந்தப் பக்கம் மண் சரிந்து பாதை அடைபட்டுவிட்டது, வியாழக்கிழமைதான் வரமுடியும். டோரீன் துள்ளிக் குதிக்காத குறை. மூன்று நாள் போதும், முழுச் சுவரையும் சுரண்டிவிடலாம். அந்தச் சந்தோஷம் அரை மணி நேரம்கூட நிலைக்கவில்லை. மரம் விழுந்து மின்கம்பி அறுந்தது. மின்சாரம் இல்லையென்றால் சுரங்கத்துக்குள் காற்று அனுப்பும் காற்றாடி இல்லை, காற்றாடி இல்லாமல் ஒருவரும் உள்ளே போகக்கூடாது. மூன்று நாளும் மழை ஊற்றியது. அவர் லயத்து வீட்டில் உட்கார்ந்து பேரீச்சம்பழத்தை நறுக்கினார், நறுக்கினதை மறுபடி நறுக்கினார். "இது கேக்குக்கா, பாணி காய்ச்சவா?" என்று அம்மா கத்தியைப் பிடுங்கிக்கொண்டார்.

வியாழன் காலை மின்சாரம் வந்தது. காற்றாடி சுற்றியது. டோரீனும் கந்தப்பனும் முதலில் உள்ளே போனார்கள்.

மழைத் தண்ணீர் கல்லிடுக்குகளில் இறங்கி, சுவரெல்லாம் வியர்த்திருந்தது. வலப்பக்கம் வெள்ளை, ஈர வெள்ளை. இடப்பக்கமும் வெள்ளைதான். வெட்டைத் தாண்டி ஏழு மீற்றரில், 'நல்வரவு'க்கு நடுவே, கூரையிலிருந்து தரைவரை ஒரு நீலக்கோடு வழிந்திருந்தது. ஒரு கையகலம். பக்கத்தில் கிளைகிளையாக இன்னும் இரண்டு.

"அண்ணே, சுண்ணாம்புல நீலம் கலந்தீங்களா?"

"இல்லீங்க மிஸ். பளிச்சுன்னு இருக்கும்னு கலக்கத்தான் நெனச்சோம். கடையில நீலம் முடிஞ்சிருச்சு."

"ஒரு சொட்டுக்கூட?"

"ரோதமுனி மேல சத்தியமா இல்லீங்க."

டோரீன் அந்த நீலத்தை விரலால் தொட்டார். இதை எங்கே பார்த்தோம் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அப்பாவின் வாளி. கிழங்குச் செடிக்கு அடிக்க அவர் துருசையும் சுண்ணாம்பையும் கலக்கும் வாளியின் உட்புறத்தில், எத்தனை தேய்த்தாலும் போகாமல் ஒட்டியிருக்கும் அதே வெளிர் நீலம். துருசு என்பது செம்பு உப்பு. செம்புப் பட்டையைக் கழுவிக்கொண்டு வரும் தண்ணீரிலும் செம்பு கரைந்திருக்கும். வெறும் கருங்கல்லில் அது வழிந்தால் ஒரு கண்ணுக்கும் தெரியாது. சுண்ணாம்பைத் தொட்டால் நீலமாகப் படிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

அவர் சத்தமாகச் சிரிக்க ஆரம்பித்தார். கந்தப்பன் பயந்துபோய், "மிஸ்ஸுக்குக் காத்து பத்தலியா?" என்றார்.

"உங்க கத்தியைக் குடுங்கண்ணே."

சுண்ணாம்பு படாத ஓர் இடுக்கிலிருந்து சொட்டிய தண்ணீரைச் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியில் பிடித்தார். கத்தியின் நுனியை மணலில் தேய்த்துப் பளபளப்பாக்கி அதில் ஊறவைத்தார். பத்து மணிக்குப் பிரியந்தி தலைக்கவசத்தோடு உள்ளே வந்தபோது, இரும்புக் கத்தியின் நுனி, தண்ணீரிலிருந்த செம்பு படிந்து, புதுச் செம்புக் குடம் மாதிரிச் சிவந்திருந்தது.

பிரியந்தி முதலில் பார்த்தது கத்தியை அல்ல, 'ஆயுபோவன்' என்ற எழுத்தை. எழுத்துக் கூட்டி வாசிக்க அவருக்குத் தமிழ் தெரியாது. யாரோ வாசித்துச் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்து, எல்லோரையும் நிறுத்திப் படம் எடுத்தார். எடுத்து முடித்ததும் முகம் வேலைக்குத் திரும்பியது.

"சரி, டோரீன்" என்றார் சிங்களத்தில். "வலம் என்று எழுதியிருக்கிறீர்கள். திருப்பலாமா?"

பதினான்கு பேரும் சுவரோடு சுவராக நின்றார்கள்.

"மெடம், அறிக்கை பிழை. இடம்."

"வெள்ளிக்கிழமை வலம். வியாழக்கிழமை இடம். அடுத்த திங்கட்கிழமை எங்கே இருக்கும்?"

"கல் முகத்தில் இருந்த கீறல் பொய் சொல்லவில்லை மெடம். நான்தான் பாதியை வாசித்தேன். மலை ஒருதரம் மட்டும் நகர்ந்திருந்தால் அது சரி. பலதரம் நகர்ந்திருந்தால், கீறல் கடைசி நகர்வை மட்டும்தான் காட்டும். பட்டையைத் தள்ளியது அதற்கு முந்தியது." அவர் நீலத்தையும் கத்தியையும் காட்டிச் சொல்லி முடித்தார். "வலப்பக்கச் சுவரைப் பாருங்கள். அதே சுண்ணாம்பு, அதே மழை. ஒரு புள்ளி நீலம் இல்லை."

பிரியந்தி வலப்பக்கச் சுவரைப் பார்த்தார். விளக்கை அதன் நெடுக ஓட்டினார். "தண்ணீர் எங்கிருந்தும் வரலாமே?"

வரலாம்தான். டோரீன் ஆமென்று தலையாட்டினார்.

அப்போதுதான் செந்தூரன் முன்னால் வந்தார். "மெடம், துளைக்கிற நீளக் கம்பி எங்களிட்ட ரெண்டுதான் இருக்கு. மூண்டு மூண்டு மீற்றர். ரெண்டையும் பூட்டினா ஆறு மீற்றர் போகும். உள்ளுக்க இறுகினா ரெண்டும் போச்சு, புதுசு வர மாசமாகும். எங்க துளைக்கிறதெண்டு தெரியாததாலதான் இவ்வளவு நாளும் தொடேல்ல." டோரீனைப் பார்த்தார். "இப்ப இடம் தெரியுதெண்டா, நான் பூட்டுறன்."

அவர் சொன்னதை டோரீனே சிங்களத்தில் சொல்லவேண்டியிருந்தது.

"துளையுங்கள்" என்றார் பிரியந்தி.

துளைக்கும் இயந்திரத்தைத் தோளுக்கு அணைத்துப் பிடித்தவர் கந்தப்பன், தண்ணீர்க் குழாயைத் திறந்தவர் சோலைமலை. மலையே அதிர்கிற சத்தம். துளை வாயிலிருந்து சேறு வழியத் தொடங்கியது. முதலில் சுண்ணாம்பு வெள்ளை. பிறகு சாம்பல். சாம்பல். முதல் கம்பி முழுக்க உள்ளே போயிற்று, சாம்பல். இரண்டாவதைப் பூட்டினார்கள். நாலு மீற்றரை நெருங்கும்போது கம்பி முனகி நின்றது. இயந்திரம் உறுமியது, கம்பி அசையவில்லை.

"இழுக்காதீங்க!" என்று டோரீன் கத்தினார். யாருக்கும் கேட்கவில்லை. கையால் சைகை காட்டினார்: பின்னால், மெதுவாக, தண்ணீரைக் கூட்டு.

கந்தப்பன் கம்பியைக் கொஞ்சம் பின்னுக்கு வாங்கி, கொஞ்சம் விட்டு, மறுபடி வாங்கினார். ஒரு குலுக்கல். கம்பி சுழன்றது. துளை வாயில் வழிந்த சேறு ஒரு கணம் பழுப்பாகி, அடுத்த கணம் மை மாதிரிக் கறுத்தது.

டோரீன் தலைக்கவசத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த சிறு காந்தத்தை அந்தச் சேற்றுக்குள் விட்டார். வெளியே எடுத்தபோது அது பூனைக்குட்டி மாதிரி மயிர் சிலிர்த்துக்கொண்டு வந்தது. உள்ளங்கையில் சேற்றை ஏந்தி விளக்கைப் பிடித்தார். கறுப்புக்கு நடுவில் பித்தளைப் பொடி மின்னியது.

இயந்திரம் நின்றது. பேச்சைத் தொடங்க அங்கே ஒரே ஒரு ஆள்தான் தகுதியானவர்.

சோலைமலை குனிந்து டோரீனின் கையைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "கல்லு ஓடலீங்க மிஸ்" என்றார். "பக்கத்து காம்பராவுலதான் குடியிருந்திருக்கு. நம்மதான் கதவைத் தட்டல."

"யாருண்ணே வெக்கப்பட்டு ஓடிரும்னு சொன்னது?"

"அதாங்க நானும் தேடிகிட்டு இருக்கேன். எந்தப் பயலுன்னு தெரியல."

அதற்குமேல் அந்த இடத்தில் ஒழுங்கு நிற்கவில்லை. கந்தப்பன் சேற்றுக் கையோடு செந்தூரனைக் கட்டிப்பிடித்தார். வெள்ளைச் சட்டை போட்டு வந்த செந்தூரன் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. பிரியந்தி சேற்றில் ஒரு சிட்டிகை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். வாசலில் ரோதமுனிக்குத் தேங்காய் உடைந்தது. பார்பரா அம்மாவுக்குத் தேங்காய் வழக்கமில்லை என்று டோரீன் சொல்லிப் பார்த்தார். "இருக்கட்டும்ங்க, அவங்களும் பாவம், மூணு நாளா மழையில நின்னவங்க" என்று அவருக்கும் ஒன்று உடைத்தார்கள்.

அன்று பொழுது சாய முன்னரே செய்தி மேல்கணக்கு, கீழ்க்கணக்கு எல்லாம் சுற்றி வந்துவிட்டது. இந்தத் தடவை சிரிப்பு உதிராமல் வந்தது. இக்னேசியஸ் மட்டும் வாளியைக் கவிழ்த்து வைத்து உட்கார்ந்து, "அப்ப என் வாளிக்கு ஒரு பட்டம் குடுக்கணும்" என்று மகளிடம் சொன்னார். அம்மா கேக்கை அடுப்பிலிருந்து இறக்கினார். பேரீச்சம்பழம் கரைந்தே போயிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை டோரீன் புது அறிக்கை எழுதினார். அதில் ஒரு வேலைக் குறிப்பும் சேர்த்தார்: இனிமேல் ஒவ்வொரு பத்து மீற்றருக்கும் சுவரைக் கழுவி, படம் வரைந்து, பிறகு சுண்ணாம்பு அடித்து, மழைக்குப் பின் பார்க்கவேண்டும். காவி வரி தேவையில்லை. கடைசி வரியைக் கந்தப்பன் ஏற்கவில்லை. காவி இல்லாத சுண்ணாம்பு அரைக் கல்யாணம் என்றார். பேச்சு வார்த்தைக்குப் பின் காவியும் சேர்ந்தது.

சேற்றின் மாதிரிகள் மூடி முத்திரையிட்டு ஆய்வுகூடத்துக்குப் போய்விட்டன. வெள்ளியும் தங்கமும் எவ்வளவு என்று ஜனவரியில் தெரியவரும். டிசம்பர் 11, திங்கட்கிழமை காலை ஆறரைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்ததும், இடப்பக்கச் சுவரில் 'நல்வரவு'க்கு நடுவே முதல் வெடி வைக்கப்படுகிறது.